வாசகர் கேள்வி பதில்: நகராட்சியின் பச்சைக் கணக்கு

உள்ளாட்சி அமைப்புகள் வெளியிடும் சுற்றுச்சூழல் அறிக்கைகளை எப்படிப் படிப்பது என்று போன இதழில் ஒரு சிறு குறிப்பு போட்டிருந்தோம். கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்து, பெயர்களை எடுத்துவிட்டு, பதில் சொல்லியிருக்கிறோம்.

கேள்வி: எங்கள் நகராட்சி 80 பக்கத்துக்கு நிலைத்த வளர்ச்சி அறிக்கை ஒன்று போட்டிருக்கிறது. 25 இலக்குகளில் 23-க்குப் பச்சைக் குறி. மரக்கன்று, விழிப்புணர்வு முகாம், எல்.இ.டி. விளக்கு, புதுக் குப்பை வண்டி என்று எல்லாம் இருக்கிறது. ஊர் மாறியதாகத்தான் தெரியவில்லை. பொய் எழுதுகிறார்களா?

பொய் என்று சொல்லிவிட முடியாது. வண்டி வாங்கியிருப்பார்கள், கன்றும் நட்டிருப்பார்கள். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு பேனாவை எடுத்துக்கொண்டு அறிக்கையில் உள்ள ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் செ, வே, வி என்று மூன்றில் ஒன்றை எழுதிப் பாருங்கள். செ என்றால் செலவு: இவ்வளவு ஒதுக்கினோம், இத்தனை வண்டி வாங்கினோம். வே என்றால் வேலை: இத்தனை கன்று நட்டோம், இத்தனை முகாம் நடத்தினோம். வி என்றால் விளைவு: காற்றில் தூசு இவ்வளவு குறைந்தது, கிடங்குக்குப் போகும் குப்பை இத்தனை டன் குறைந்தது. பல அறிக்கைகளில் வி போட இடமே வராது. காரணம் எளிது. வேலை முடிந்ததும் பச்சைக் குறி போட்டுவிடலாம், அது அவர்கள் கையில் இருக்கிறது. விளைவு அப்படியில்லை, காத்திருக்க வைக்கும், சில வருடம் எதிர்த்திசையில்கூடப் போகும், பழியும் தேடித் தரும், அதனால் யாரும் அதை முதல் பக்கத்தில் வைக்க ஆசைப்படுவதில்லை.

மரக்கன்றையே எடுத்துக்கொள்வோம். நட்ட எண்ணிக்கை என்பது ஒரு நாள் வேலை. மூன்று வருடத்துக்கு முன் நட்டதில் இன்று எத்தனை உயிரோடு இருக்கிறது, ஊரின் மொத்தப் பரப்பில் மர நிழல் எத்தனை சதவீதம், அது கூடியதா குறைந்ததா என்பதுதான் கேள்வி. இதை நீங்களே பார்க்க முடியும். அமெரிக்க வனத்துறையும் அதன் கூட்டாளிகளும் தரும் ஐ-ட்ரீ கேனப்பி என்ற இலவச இணையக் கருவி, வான்படத்தின் மேல் ஒழுங்கில்லாமல் புள்ளிகளைத் தெளிக்கும். ஒவ்வொரு புள்ளியும் மரத்தின் மேல் விழுந்ததா, கூரையிலா, சாலையிலா, வெறும் தரையிலா என்று பார்த்துக் குறித்துக்கொண்டே போக வேண்டும். அலுப்பான வேலைதான், ஆனால் ஒரு மாலைப்பொழுதில் முடிந்துவிடும். 500 புள்ளியில் 100 மரத்தில் விழுந்தால் 20 சதவீதம். இங்கே ஒரு எச்சரிக்கை: 500 புள்ளி மட்டும் வைத்தால் அந்த 20 என்பது உண்மையில் பதினாறரையிலிருந்து இருபத்து மூன்றரைக்குள் எதுவாகவும் இருக்கலாம். அடுத்த வருடம் 22 வந்தது என்பதற்காக மரம் கூடிவிட்டது என்று கொண்டாட முடியாது. பிழையைப் பாதியாக்க வேண்டுமென்றால் 2,000 புள்ளி பார்க்க வேண்டும். அதனால் அறிக்கையில் 'நிழல் பரப்பு 1 சதவீதம் உயர்வு' என்று இருந்தால், எப்படி அளந்தீர்கள், எத்தனை புள்ளி என்று கேளுங்கள். பதில் வரும் வேகத்திலேயே பாதி தெரிந்துவிடும்.

கேள்வி: எங்கள் ஊர்க் குப்பையில் 73 சதவீதம் மறுசுழற்சி ஆகிறதாம். இரண்டு வருடம் முன்பு இது 60-ஆக இருந்தது. ஆனால் கிடங்கில் மலை அதே வேகத்தில்தான் வளர்கிறது. எப்படி?

யாரும் எண்ணைத் திருத்தாமலேயே இது நடக்கும். ஒரு நாளைக்கு 100 டன் குப்பை, அதில் 60 டன் பிரித்து அனுப்புகிறார்கள், 40 டன் கிடங்குக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். 60 சதவீதம். அடுத்து, இதுவரை கணக்கிலேயே வராத கட்டட இடிபாடு 50 டன்னைப் புதிதாகச் சேர்க்கிறார்கள். அதைச் சாலை அடித்தளத்துக்குக் கொட்டுகிறார்கள், அதுவும் மறுசுழற்சிதான். இப்போது 150-க்கு 110, அதாவது 73 சதவீதம். கிடங்குக்குப் போவது? அதே 40 டன். இடிபாட்டைச் சேர்த்தது தப்பே இல்லை, சேர்க்கத்தான் வேண்டும். ஆனால் பழைய வருடத்துக்கும் அதைச் சேர்த்துத் திருப்பிக் கணக்குப் போடாமல் 60-ஐயும் 73-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி வளர்ச்சி என்று படம் போடுவது, படிக்கிறவரை ஏமாற்றுவதுதான்.

இன்னொன்று, 'மறுசுழற்சிக்கு அனுப்பியது' வேறு, 'மறுசுழற்சி ஆனது' வேறு. பிரிக்கும் கூடத்துக்கு வந்த பிளாஸ்டிக்கில் ஒரு பகுதி அழுக்கு, ஈரம், பயன்படாத ரகம் என்று கழிந்து பின்வாசல் வழியாகக் கிடங்குக்கே போகும். ஐரோப்பிய ஒன்றியம் இதில் விதியை இறுக்கியது: கூடத்துக்கு வந்த எடையை எண்ணாதே, பிரித்துக் கழித்த பிறகு ஆலைக்குள் உண்மையில் நுழைகிற எடையை எண்ணு என்று. அந்தக் கணக்கில்தான் அதன் உறுப்பு நாடுகள் நகரக் குப்பையில் 2025-இல் 55, 2030-இல் 60, 2035-இல் 65 சதவீதம் எட்ட வேண்டும். கணக்கு இறுகியபோது சில நாடுகளின் சதவீதம் ஒரே இரவில் குறைந்தது. குப்பை எங்கும் ஓடிவிடவில்லை, அளக்கும் இடம்தான் மாறியது.

சான் பிரான்சிஸ்கோவின் கதை இதற்குப் பொருத்தம். 2020-க்குள் குப்பையே இல்லாத நகரம் என்று இலக்கு வைத்தது. 2012-இல் 80 சதவீதக் குப்பையைக் கிடங்குக்குப் போகாமல் திருப்பிவிட்டோம் என்று அறிவித்தது, உலகமே பாராட்டியது. 2018-இல் அதே நகரம் இலக்கை மாற்றி எழுதியது: 2030-க்குள் உருவாகும் குப்பை 15 சதவீதம், கிடங்குக்கும் எரிஉலைக்கும் போவது 50 சதவீதம் குறைய வேண்டும். எத்தனை சதவீதத்தைத் திருப்பினோம் என்பதிலிருந்து மிச்சம் எவ்வளவு என்பதற்கு இறங்கி வந்தார்கள். நம் பார்வையில் அதுதான் நேர்மையான இலக்கு.

நீங்கள் கேட்க வேண்டிய ஒரே எண், ஒரு ஆளுக்கு ஒரு வருடத்துக்கு எத்தனை கிலோ கிடங்குக்குப் போகிறது என்பது. அதுவும் எடைமேடைச் சீட்டிலிருந்து. சீட்டு கிடைத்தால் அதில் மூன்றைப் பாருங்கள்: வண்டி நிறைந்த எடை, காலி எடை, நேரம். ஒவ்வொரு நடைக்கும் நிகர எடை 5,000 கிலோ, 5,000 கிலோ என்று முழு எண்ணாகவே வந்தால் அங்கே யாரும் எடை போடவில்லை, வண்டி எண்ணிக்கையை வண்டியின் கொள்ளளவால் பெருக்கி எழுதியிருக்கிறார்கள். உண்மையான எடை 4,730, 5,180 என்று தாறுமாறாகத்தான் வரும்.

கேள்வி: நான் ஒரு சிறு நகராட்சியில் இந்தக் குறியீடுகளை, அதாவது ஊரின் நிலையைக் காட்டும் எண்களை, நிரப்புகிற ஊழியர். மேலிடத்திலிருந்து நூற்றுக்கு மேற்பட்ட கட்டங்கள் கொண்ட படிவம் வருகிறது. எங்கள் பிரிவில் இருப்பதே மூன்று பேர். நீங்கள் வெளியிலிருந்து குறை சொல்வது எளிது. நாங்கள் என்னதான் செய்வது?

உங்கள் கோபம் நியாயமானது. இந்தப் படிவ வியாதி உலகம் முழுக்க உண்டு. ஐக்கிய நாடுகளின் நிலைத்த வளர்ச்சி இலக்குகளே 17, அவற்றின் கீழ் 169 உள் இலக்குகள், 230-க்கும் மேற்பட்ட குறியீடுகள். நகரங்களுக்கென்று சர்வதேசத் தர அமைப்பு 2014-இல் கொண்டுவந்த ஐ.எஸ்.ஓ. 37120 தரத்தில் 100 குறியீடுகள். இங்கிலாந்தில் 2008-இல் உள்ளாட்சிகள் மேல் 198 குறியீடுகளை ஏற்றினார்கள், 2010-இல் புது அரசு வந்ததும் அந்தத் தொகுப்பையே தூக்கிவிட்டார்கள். அதோடு பல ஊர்களில் அளப்பதே நின்றது, அதுதான் அதில் பெரிய நஷ்டம்.

எங்கள் யோசனை: மேலிடத்துப் படிவத்தை நிரப்பித்தான் ஆக வேண்டும், நிரப்புங்கள். அதற்குப் பக்கத்தில் உங்கள் ஊருக்கென்று ஏழெட்டு எண்களை மட்டும் தேர்ந்தெடுத்து, அவற்றை விடாமல், ஒரே முறையில், வருடா வருடம் அளந்து வாருங்கள். ஆள் ஒன்றுக்குக் கிடங்குக்குப் போகும் கிலோ. சுத்திகரித்து வெளியேறும் கழிவுநீர் மொத்தத்தில் எவ்வளவு. மழைக்கு முன்னும் பின்னும் நிலத்தடி நீர் மட்டம். மர நிழல் பரப்பு. காற்றில் நுண்தூசு. குடிநீர் விநியோகத்தில் கசிவு. தண்ணீர் ஏற்ற ஆகும் மின்சாரம். இவ்வளவு போதும்.

கடைசி இரண்டையும் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இவை முழுக்க உங்கள் கையில் உள்ளவை, யார் மேலும் பழி போட முடியாதவை. ஒரு கன மீட்டர், அதாவது 1,000 லிட்டர் தண்ணீரை 100 மீட்டர் உயரத்துக்கு ஏற்ற, எந்த இழப்பும் இல்லாத பம்பாக இருந்தால் 0.27 யூனிட் மின்சாரம் போதும். உண்மையான பம்பும் மோட்டாரும் சேர்ந்து 60 சதவீதத் திறனில் ஓடினால் 0.45 யூனிட். உங்கள் நீரேற்று நிலையத்தில் மின் மீட்டரையும் நீர் மீட்டரையும் ஒரே நேரத்தில் படித்து, ஒன்றை மற்றொன்றால் வகுத்துப் பாருங்கள். அதே உயரத்துக்கு 0.9 வந்தால் பம்பின் உள்சக்கரம் தேய்ந்திருக்கிறது, அல்லது வால்வு பாதி மூடியிருக்கிறது, அல்லது குழாய் உள்ளே அடைத்திருக்கிறது. மாதம் ஒரு தடவை ஒரு ஆபரேட்டர் நோட்டில் குறித்தால் போதும். சூரியத் தகடு திறப்பு விழாவைவிட இந்த நோட்டு அதிகக் கரியமில வாயு உமிழ்வைக் குறைக்கக்கூடும், படம் மட்டும் எடுக்க முடியாது.

கசிவில் ஒரு பொறி உண்டு. அனுப்பிய தண்ணீர் 100, கணக்கில் வந்தது 70, தொலைந்தது 30 என்றால் 30 சதவீதம். மக்கள் அதிகம் பயன்படுத்தி கணக்கில் வந்தது 90 ஆகி, தொலைவது அதே 30-ஆக நின்றால், 120-க்கு 30, அதாவது 25 சதவீதம். ஒரு குழாயைக்கூடச் சரிசெய்யாமல் 'கசிவு குறைந்தது' என்று எழுதலாம். அதனால்தான் இந்தத் துறையில் இருப்பவர்கள் சதவீதத்தை நம்பாமல், ஒரு இணைப்புக்கு ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் தொலைகிறது என்று பார்க்கச் சொல்கிறார்கள்.

அப்புறம், ஒவ்வொரு எண்ணுக்கும் அரைப் பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதி வையுங்கள்: எதை அளந்தோம், எதைச் சேர்க்கவில்லை, எந்தக் கருவி, யார், எந்த மாதம். உங்களுக்கு மாற்றல் வந்த பிறகு அந்த நாற்காலியில் உட்காருகிறவர் வேறு முறையில் அளந்தால், பத்து வருட உழைப்பு வீண். 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் தன்னார்வலர்கள் கூடித் தங்கள் ஊரின் நிலையை அளக்கக் குறியீடுகள் தேர்ந்தெடுத்தபோது, ஓடைகளுக்குத் திரும்பி வரும் காட்டு சால்மன் மீன்களின் எண்ணிக்கையை அதில் ஒன்றாக வைத்தார்கள். மீன் குறைந்தால் நீரில், கரையில், காட்டில் எதுவோ கெட்டிருக்கிறது என்று குழந்தைக்கும் புரியும். உங்கள் ஏழெட்டில் ஒன்றாவது அப்படி, விளக்கம் தேவைப்படாததாக இருக்கட்டும்.

கேள்வி: எங்கள் மாநகராட்சி 2030-க்குள் கார்பன் சமநிலை அடையும் என்று அறிவித்திருக்கிறது. ஒரு ஊர் தனியாக இதைச் செய்ய முடியுமா?

வெளிவிடும் கரியமில வாயுவும் அதற்கு ஈடுகட்டுவதும் சமமாவதுதான் கார்பன் சமநிலை. முதலில் எதற்குச் சமநிலை என்று கேளுங்கள். மாநகராட்சியின் சொந்தக் கட்டடம், வண்டி, தெருவிளக்கு, பம்பு இவற்றுக்கா, ஊர் எல்லைக்குள் நடக்கும் எல்லாவற்றுக்குமா? முதலாவது பெரும்பாலும் ஊரின் மொத்த உமிழ்வில் சிறு பங்குதான். அறிவிப்பில் 'நகரம்' என்று தொடங்கி, பின்னிணைப்பில் 'நகராட்சி அலுவலகங்கள்' என்று சுருங்குவது அடிக்கடி நடக்கும்.

ஊர் முழுவதுக்கும் என்றால் கணக்குப் போட 2014-இல் வெளியான உலகளாவிய வழிமுறை ஒன்று இருக்கிறது. அது உமிழ்வை மூன்றாகப் பிரிக்கிறது: எல்லைக்குள் எரிக்கும் எரிபொருள், வெளியிலிருந்து வாங்கும் மின்சாரம், ஊர்க்காரர்களால் எல்லைக்கு வெளியே உண்டாவது. மூன்றாவதைத்தான் எல்லோரும் நழுவவிடுவார்கள். குப்பையைப் பக்கத்து ஊருக்கு அனுப்பிவிட்டால் அது அழுகி வெளிவரும் மீத்தேன் வாயுவும் அந்த ஊர்க் கணக்கு என்று நினைக்கிற ஊர்களை இந்த வழிமுறை விடுவதில்லை, குப்பை எங்கே போனாலும் போட்ட ஊர்க் கணக்கில்தான் வரும்.

டென்மார்க்கின் கோபன்ஹேகன் 2012-இல், 2025-க்குள் உலகின் முதல் கார்பன் சமநிலைத் தலைநகர் ஆவோம் என்று திட்டம் போட்டது. ஒரே நிலையத்திலிருந்து குழாய் வழியாகப் பல வீடுகளுக்கு வெப்பம் தரும் ஏற்பாடு, சைக்கிள் பாதை, காற்றாலை என்று உண்மையாகவே உழைத்தது, உமிழ்வும் பெரும்பங்கு குறைந்தது. ஆனால் கடைசிப் பகுதியை நிரப்ப அது நம்பியிருந்தது அமாகர் பக்கே என்ற குப்பை எரிஉலையின் புகையிலிருந்து கார்பனைப் பிடிக்கும் கருவி. அதற்கு எதிர்பார்த்த அரசு நிதி கிடைக்கவில்லை, 2022-இல் இலக்கை எட்ட முடியாது என்று நகரமே அறிவித்துவிட்டது. கேலி செய்தவர்கள் உண்டு. நாங்கள் அந்தப் பக்கம் இல்லை. மூன்று வருடம் முன்கூட்டியே 'முடியாது, இந்தக் காரணத்தால் முடியாது' என்று சொல்கிற அளவுக்குக் கணக்கு வைத்திருந்தார்கள் அல்லவா? உங்கள் மாநகராட்சியின் திட்டத்தில் எந்தப் பகுதி தனக்குக் கட்டுப்படாத பணத்தையோ தொழில்நுட்பத்தையோ நம்பி நிற்கிறது என்று தேடுங்கள், 2029-இல் அங்கேதான் இடிக்கும்.

இன்னும் ஒன்று. நாட்டின் மின்கட்டமைப்பில் நிலக்கரி குறைந்து சூரிய, காற்று மின்சாரம் கூடினால் ஊர் ஒன்றுமே செய்யாமல் அதன் உமிழ்வு இறங்கும். அதையும் தன் சாதனையாக எழுதிக்கொள்வார்கள். மின்சாரத்தின் உமிழ்வை வைத்துப் பார்க்காமல் யூனிட்டை வைத்துப் பார்த்தால் ஊரின் உழைப்பு எவ்வளவு என்பது தனியாகத் தெரியும்.

கேள்வி: எங்கள் ஊர் பசுமை நகரப் போட்டியில் முதலிடம். இதைவிட என்ன சான்று வேண்டும்?

வாழ்த்துகள். விண்ணப்பித்த ஊர்களுக்குள் முதலிடமா, எல்லா ஊர்களுக்குள்ளுமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான விருதுகள் ஊர் தானே எழுதி அனுப்பும் விண்ணப்பத்தில் தொடங்குகின்றன. உங்கள் ஊரை அதன் ஐந்து வருடத்துக்கு முந்தைய நிலையோடு ஒப்பிடுங்கள், பக்கத்து ஊரோடு வேண்டாம்.

கேள்வி: காற்றுத் தரப் பலகை 'திருப்தி' என்று காட்டுகிறது. எங்கள் தெருவில் துணி காயப்போட்டால் கறுப்பு படிகிறது. எதை நம்ப?

இரண்டும் உண்மையாக இருக்கலாம். காற்றை அளக்கும் நிலையம் பூங்காவுக்குள்ளோ அலுவலக மாடியிலோ இருந்தால் அது அந்த இடத்துக் காற்றைத்தான் சொல்லும். 'திருப்தி' என்ற சொல்லையும் நிறத்தையும் ஒவ்வொரு நாடும் தன் விருப்பப்படி வகுத்துக்கொள்கிறது, எண்ணைக் கேளுங்கள். பி.எம். 2.5 எனும் நுண்தூசுக்கு உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வைத்த அளவு, ஆண்டுச் சராசரி ஒரு கன மீட்டர் காற்றில் 5 மைக்ரோகிராம், ஒரு நாளுக்கு 15. அதற்கு முன் 2005-இல் ஆண்டு அளவு 10-ஆக இருந்தது. பல நகரங்கள் இதை எட்டவே முடியாது என்பது வேறு விஷயம், ஆனால் எவ்வளவு தூரத்தில் இருக்கிறோம் என்றாவது தெரிய வேண்டும்.

அடுத்து, வருடத்தில் எத்தனை மணி நேரத் தரவு இருக்கிறது? ஐரோப்பிய ஒன்றியத்தின் 2008-ஆம் வருட விதி 90 சதவீதம் கேட்டது. மோசமான மாதங்களில் கருவி 'பழுது' என்று நின்றிருந்தால் ஆண்டுச் சராசரி அழகாக வரும். மோசடியும் நடக்காமல் இல்லை: சீனாவின் ஷியான் நகரில் 2016-இல் கண்காணிப்பு நிலையத்தின் காற்றிழுக்கும் வாயில் சுற்றுச்சூழல் அலுவலர்களே பஞ்சுத் துணியை அடைத்துத் தூசின் அளவைக் குறைத்துக் காட்டினார்கள், அடுத்த வருடம் சிறைக்குப் போனார்கள். அளக்கப்படுகிறவர் கையிலேயே அளவுகோலையும் கொடுத்தால் இப்படி ஒரு நாள் நடக்கும்.

மலிவு விலை சென்சார் வாங்கி வீட்டில் மாட்டலாமா என்று வேறு சிலர் கேட்டிருக்கிறார்கள். மாட்டலாம். ஆனால் அது ஒளியை வைத்துத் துகளை எண்ணுவது, பனியும் ஈரமும் இருக்கும் அதிகாலையில் நீர் ஏறி ஊதிய துகளையும் பெரிதாகக் காட்டும். எந்த நேரத்தில் கூடுகிறது, எந்தப் பக்கக் காற்றில் கூடுகிறது என்று பார்க்க நன்றாக உதவும். ஒரு தனி எண்ணைப் பிடித்துக்கொண்டு சண்டைக்குப் போகாதீர்கள்.

கேள்வி: எங்கள் ஊர் வழியாக ஓடும் ஆறு நாறுகிறது. கேட்டால், மேலே உள்ள ஊர்களும் ஆலைகளும்தான் காரணம், எங்கள் அதிகாரத்தில் இல்லை என்கிறார்கள்.

பாதி உண்மை. மீதிப் பாதியை அளந்துவிடலாம். ஆறு ஊருக்குள் நுழையும் இடத்தில் ஒரு மாதிரி, ஊரைத் தாண்டும் இடத்தில் ஒரு மாதிரி, ஒரே நாளில் எடுத்து ஒரே ஆய்வகத்தில் பி.ஓ.டி. பாருங்கள். நீரில் உள்ள கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எவ்வளவு ஆக்சிஜனை உறிஞ்சும் என்ற அளவு அது, வழக்கமாக 20 டிகிரியில் 5 நாள் வைத்துப் பார்ப்பார்கள். உள்ளே வரும்போது லிட்டருக்கு 4 மில்லிகிராம், வெளியே போகும்போது 14 என்றால், நடுவில் வேறு ஓடை எதுவும் கலக்காதவரை, ஏறிய 10 உங்கள் ஊருடையது. வறண்ட காலத்தில் எடுங்கள். வெள்ளம் போகும்போது எல்லா ஆறும் சுத்தமாகத்தான் தெரியும். கரைந்த ஆக்சிஜனைப் பார்ப்பதானால் விடியலுக்கு முன் எடுக்க வேண்டும், அப்போதுதான் அது மிகக் குறைவு. நண்பகலில் பாசி ஆக்சிஜனை விட்டுக்கொண்டிருக்கும், செத்த நீர்கூட நல்ல எண்ணைக் காட்டும். சோதனை அறிக்கையில் நேரம் எழுதாமல் இருந்தால் அந்த எண்ணை ஒதுக்கிவிடலாம்.

கூடவே சுத்திகரிப்பு நிலையத்தின் கொள்ளளவைக் கேட்காமல், நேற்று எவ்வளவு வந்தது என்று கேளுங்கள். நாளுக்கு 2 கோடி லிட்டர் நிலையம் கட்டிவிட்டு, வீட்டு இணைப்பு கொடுக்காததால் 90 லட்சம் மட்டும் வந்து சேரும் ஊர்கள் உண்டு. மிச்சம் எந்த வழியில் ஆற்றுக்குப் போகிறது என்பதுதான் அதிகாரம் பற்றிய கேள்விக்கான பதில்.

கேள்வி: கல்லூரித் திட்டத்துக்காகக் கேட்கிறேன். தன்னார்வ உள்ளாட்சி மீளாய்வு என்றால் என்ன?

ஐ.நா. இலக்குகளில் தன் ஊர் எங்கே நிற்கிறது என்று ஒரு நகரம் தானே எழுதி வெளியிடும் அறிக்கை. நாடுகள் செய்வதைப் பார்த்து நகரங்களும் தொடங்கின. 2018-இல் நியூயார்க் நகரமும், ஜப்பானின் ஷிமோகாவா, டொயாமா, கிடாக்யூஷு ஆகிய மூன்றும் முதலில் செய்தவை. பெயரிலேயே இருக்கிறது, தன்னார்வம்: வெளியிலிருந்து தணிக்கை கிடையாது. திட்டத்துக்கு எடுக்கிறீர்கள் என்றால் ஒரே நகரத்தின் இரண்டு அறிக்கைகளை எடுத்து, முதலில் இருந்து இரண்டாவதில் காணாமல் போன குறியீடுகள் எவை என்று பாருங்கள். நல்ல தலைப்பு.

கேள்வி: நீங்கள் எப்போதும் குறைதான் காண்கிறீர்கள். கொஞ்சமாவது நல்லது செய்கிற ஊர்களை இப்படிக் குடைந்தால் அவர்களும் கைவிட்டுவிடுவார்கள்.

இப்படி எழுதியவர் ஒருவர் மட்டுமல்ல. ஒரு விஷயத்தில் ஒத்துப்போகிறோம்: ஒரே ஒரு வருடத்தின் எண்ணை வைத்து யாரையும் தூக்கவும் கூடாது, சாய்க்கவும் கூடாது. மழை நன்றாகப் பெய்த வருடம் நிலத்தடி நீர் ஏறும், காற்று வீசாத வருடம் தூசு ஏறும், இரண்டிலும் நகராட்சிக்குப் பங்கில்லை. ஐந்து வருடக் கோடு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைப் பார்த்துப் பேசுவதுதான் நியாயம்.

ஆனால் குடையாமல் விட்டால் நல்ல எண்ணமுள்ளவர்களும் வழி தவறுவார்கள். மெக்ஸிகோ நகரில் 1989-இல், வண்டி எண்ணின் கடைசி இலக்கத்தைப் பொறுத்து வாரத்தில் ஒரு வேலைநாள் கார் ஓட்டக் கூடாது என்று விதி வந்தது. காகிதத்தில் ஐந்தில் ஒரு பங்கு கார் குறைய வேண்டும். மக்கள் வேறு எண் கொண்ட இரண்டாவது கார் வாங்கினார்கள், அதிலும் பழைய, அதிகம் புகைக்கும் காராக. காற்று மேம்பட்டதற்கு அடையாளமே இல்லை என்று 2008-இல் ஒரு பொருளாதார ஆய்வு காட்டியது. நிறுத்திய கார்களை மட்டும் எண்ணியிருந்தால் அது ஒரு வெற்றிக் கதை.

ஊழியரைக் குடைய வேண்டாம், எண்ணைக் குடையுங்கள். 'இந்த இலக்கில் பின்தங்கினோம்' என்று ஒரு ஊர் சிவப்புக் குறி போட்டால் அன்றைக்குக் கைதட்டுங்கள். அப்படிப் போட்டவரை மன்றத்தில் நிறுத்திக் கிழித்தால், அடுத்த வருடம் 25-க்கு 25-ம் பச்சையாகத்தான் வரும்.

கேள்வி: மன்றக் கூட்டத்தில் பொதுமக்களுக்கு இரண்டு நிமிடம் தருகிறார்கள். ஒரே கேள்விதான் கேட்க முடியும் என்றால் எதைக் கேட்பது?

"போன வருடம் எந்த இலக்கு தவறியது, அதற்காக இந்த வருட வரவு செலவுத் திட்டத்தில் எந்தத் தலைப்பில் எவ்வளவு வைத்திருக்கிறீர்கள்?" இதைக் கேளுங்கள்.

நார்வேயின் ஆஸ்லோ நகரம் 2017-இலிருந்து இதை ஆண்டுதோறும் எழுத்திலேயே செய்கிறது. நிதித் திட்டத்தோடு சேர்த்துக் காலநிலைத் திட்டமும் வரும், எந்த நடவடிக்கை எத்தனை டன் உமிழ்வைக் குறைக்கும், அதற்கு எந்தப் பிரிவு பொறுப்பு என்று, பணத்துக்குப் போடுவது போலவே வரிசையாக. சுற்றுச்சூழல் பிரிவின் தலையில் மட்டும் கட்டாமல் நிதிப் பொறுப்பாளரையே பதில் சொல்ல வைக்கும் ஏற்பாடு அது. உங்கள் ஊரில் அந்த அளவுக்கு வர நாளாகலாம். கேள்வியை எழுதி ஒரு நகலை முன்னாலேயே கொடுத்துவிடுங்கள், இல்லையென்றால் 'பார்த்துச் சொல்கிறோம்' என்பதோடு இரண்டு நிமிடமும் போய்விடும். பதில் வாய்மொழியாக வந்தால், அதைக் கூட்டக் குறிப்பில் பதியச் சொல்லி அங்கேயே கேளுங்கள். அடுத்த வருடம் போகும்போது அந்தப் பக்கத்தின் நகலைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.